கிள்ளானில் பஸ் ஓட்டிப் பார்த்த வாரம்

ஜூன் 2, செவ்வாய். கிள்ளான்

காலையில் தைப்பிங்கில் மழை. வழக்கம்போல. சாமான் ஏற்றி முடிப்பதற்குள் மூன்று பேரும் நனைந்தாகிவிட்டது. பள்ளி விடுமுறை, என் வேனுக்கும் ஓய்வு. இத்தனை வருஷமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன், சொந்தக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர், அதாவது கே.எல். பக்கம் போனதே இல்லை. எப்போதும் ரயில், ஏதாவது கல்யாணம், அன்றைக்கே திரும்பல்.

ஊரில் சொல்லிவிட்டு வந்தது: சுற்றுலா. உண்மை: வெள்ளிக்கிழமை எனக்குக் கிள்ளானில் டவுன் பஸ் வேலைக்கு ஓட்டும் சோதனை. பஸ் லைசன்ஸ் போன வருஷமே எடுத்துவிட்டேன். மகள் தாரணிக்கு இது எஸ்.பி.எம். வருஷம், பள்ளியின் கடைசிப் பரீட்சை. அடுத்த வருஷம் எப்படியும் இந்தப் பக்கம் கல்லூரிக்கு வருவாள். என் வீட்டுக்காரருக்கு டயர் கடை வேலை. அது எந்த ஊரிலும் கிடைக்கும். இப்படி எல்லாம் கணக்குப் போட்டது நான். இவர் "சரி, போய்ப் பாப்போம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஈப்போ தாண்டியதும் நல்ல வெயில். தாப்பாவில் நாசி லெமாக் சோறு, மறுபடி வண்டி. புக்கிட் லஞ்சான் பிரிவில் கிள்ளான் பக்கம் ஒதுங்கியிருக்க வேண்டும். இவர் கையில் மேப்.

"நேரா போ, நேரா போ."

"போர்டுல கிள்ளான் இடது பக்கம்னு போட்டிருக்குங்க."

"ஃபோன் நேரானு சொல்லுது லா."

நேராகப் போனோம். நேராகக் கே.எல். நடுவில் இறங்கினோம். ஆபீஸ் விடும் நேரம் வேறு.

"யூ-டர்ன் போடு!"

"ஹைவேல யூ-டர்னா? இறங்கி நீங்க போடுங்க."

தாரணி பின் சீட்டில் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கோபமே வரவில்லை. நாலு லேன், ஐந்து லேன், பாலத்துக்கு மேல் பாலம், அதற்கும் மேலே ரயில். கை தானாக வேலை செய்தது. லேன் மாற இடம் கேட்டால் கொடுக்கிறார்கள். தயங்கினால்தான் ஹாரன். பயப்படுகிறவர்களைத்தான் இந்த ஊருக்குப் பிடிக்காது போல. பெடரல் ஹைவேயைப் பிடித்து, பெட்டாலிங் ஜெயா எல்லையில் சாலைக்கு மேலே நிற்கும் பெரிய தோரண வளைவுக்குக் கீழே போனபோது இவர் கதவுக் கைப்பிடியை விடவே இல்லை.

நாத்தனார் மல்லிகா அக்கா வாசலிலேயே நின்றார். "கோமதி, நீயா ஓட்டிட்டு வந்த? முழுசாவா?" தம்பியிடம்: "நீ என்னடா பண்ண?"

"மேப் பாத்தேன்."

ஜூன் 3, புதன்

வெயில் கொளுத்துகிறது. கிள்ளானிலிருந்து ரயிலில் கே.எல். போய், பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெரு. காரை எடுக்க வேண்டாம் என்று இவர் கட்டளை. சரி, நடந்துதான் ஒரு ஊரைத் தெரிந்துகொள்ள முடியும்.

மல்லிகைச்சரம், ஊதுபத்தி, எண்ணெய்ச்சட்டியில் வடை. ஒரு கடையில் பழைய பாட்டு, பக்கத்துக் கடையில் புதுப் பாட்டு, நடுவில் நிற்கிறவனுக்கு இரண்டும் இல்லை. தாரணிக்கு ஒரு ஜிமிக்கி. இவருக்கு வாழையிலைச் சோறு, ரசம் இரண்டு தரம். எனக்குப் பஸ் நிறுத்தம்.

நிஜமாகவே அங்கேதான் வெகுநேரம் நின்றேன். எந்த பஸ் எப்படி வந்து நிற்கிறது, ஓட்டுநர் கண்ணாடி பார்க்கிறாரா, ஆள் உட்காரும் முன் கிளப்புகிறாரா. பக்கத்தில் வெள்ளைக் குச்சியோடு ஒருவர். இந்தப் பகுதியில் பார்வையில்லாதவர்கள் நிறையப் பேர்.

"அக்கா, இப்ப வந்தது என்ன பஸ்?"

சொன்னேன். அது ஓரத்தைவிட்டுத் தள்ளி, சாலையிலேயே நின்றது. அவர் குச்சியால் துழாவி, கீழே இறங்கி, மறுபடி மேலே ஏற வேண்டியிருந்தது. ஓட்டுநர் போன் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் ஓரத்தை ஒட்டி நிறுத்துவேன். அதில் சந்தேகமே இல்லை.

இதை இவரிடம் சொன்னேன். "நீ இன்னும் வேலையிலயே சேரல," என்றார். ரொம்ப மெதுவாக. தாரணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் இடி. மழை வரவில்லை.

தைப்பிங்கிலிருந்து, என் வேனில் வரும் ஒரு பையனின் அம்மா வாட்ஸ்அப்: "டீச்சர் மாறிட்டாங்க, ஸ்கூல் திறக்கிற திங்கக்கிழம பையன சீக்கிரம் கெளப்பணுமா அக்கா?" பதில் போட்டுவிட்டேன். அந்தப் பையன் கடைசி சீட்டில் ஏறியதும் தூங்கிவிடுவான், பள்ளி வந்ததும் நான்தான் எழுப்ப வேண்டும். இதையெல்லாம் இப்போது நினைக்கக் கூடாது.

ஜூன் 4, வியாழன்

புழுக்கம். இன்று இவர் ஓட்டினார். தானே கேட்டு வாங்கினார் சாவியை. கடலோரம் போய் மீன் சாப்பிடலாம் என்று திட்டம். போர்ட் கிள்ளான் பக்கம். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன், திறக்கவில்லை.

ஒரு சிக்னலில் வழி தவறிப் போயிற்று. பிறகு தொழிற்சாலை, கன்டெய்னர் லோரி, தொழிற்சாலை. பிறகு இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். தூரத்தில் மின்நிலையத்தின் உயரமான புகைபோக்கிகள்.

"அப்பா, போர்டுல காப்பார்னு வேற ஊர் பேரு போட்டிருக்கு," என்றாள் தாரணி.

இவர் ஓரமாக ஓர் இளநீர்க் கடையில் நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். கை ஸ்டியரிங்கிலேயே. கடைக்கார அக்கா நல்ல பேச்சுக்காரி. "கடலுக்கா? கடல் அந்தப் பக்கம் லா அண்ணே, நீங்க முதுகக் காட்டிட்டு வந்திருக்கீங்க." தாரணி இளநீர் வாங்கப் போனாள், அங்கேயே அவரோடு பேச உட்கார்ந்துவிட்டாள்.

காருக்குள் நாங்கள் இருவர். நான் சிரிக்கப் போனேன். முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"வழி தப்புறது யாருக்கும் வரதுதாங்க. நான் முந்தாநேத்து தப்பல?"

"நீ தப்புனா சிரிக்கிற, கோமதி. எனக்குக் கை நடுங்குது."

பேசவிட்டேன்.

"அங்க எந்த லோரிக்காரன் வந்தாலும் என் பேரச் சொல்லித்தான் கேப்பான். இங்க வந்து ஒரு சின்னப் பையன் கடையில போய் நின்னு, வேல இருக்கானு கேக்கணும். நாப்பத்தொம்பது வயசுல."

"பயமா இருக்கா?"

"ஆமா."

கல்யாணமாகி இருபது வருஷத்தில் இந்த மனிதர் வாயிலிருந்து இந்த வார்த்தையை முதல் தடவையாகக் கேட்கிறேன். பயப்படாதீங்க என்று சொல்லத் தோன்றவில்லை. அப்படியானால் சோதனைக்குப் போகவில்லை என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பொய்.

"எனக்கு இந்த வேல வேணுங்க. நாளைக்கு நான் போவேன். நீங்க வரதும் வராததும் அப்புறம் பேசுவோம்."

தலையாட்டினார். சாவியை என் பக்கம் நீட்டினார். "வேணாம், நீங்களே ஓட்டுங்க" என்றேன். ஓட்டினார். மீன் கிடைக்கவில்லை. கிள்ளான் வந்து ரோட்டி சானாய் சாப்பிட்டோம்.

மனசு கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் கை நடுங்கவில்லை.

ஜூன் 5, வெள்ளி

விடிகாலை மழை பெய்து, எட்டு மணிக்குள் விட்டது. சாலை ஈரம். நல்லது, பிரேக் எப்படிப் பிடிக்கிறேன் என்று பார்க்கட்டும்.

டிப்போவில் சோதனைக்கு வந்தவர்களில் பெண் நான் ஒருத்திதான். ஒரு பையன் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தான், யாரோ ஒருவரின் அம்மா என்று நினைத்துக்கொண்டு. சோதனை அதிகாரி மலாய்க்காரர், வயதானவர், சிரிக்காத முகம். என் முறை கடைசியில்.

பஸ் பெரியது. ஆனால் வேனைவிடச் சொன்ன பேச்சுக் கேட்கிறது. பின்பக்கம் எங்கே முடிகிறது என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். மேம்பாலம், சிக்னல், நிறுத்தங்கள், எல்லாம் சரி. பிறகு பழைய கடைத்தெருவுக்குள் விடச் சொன்னார். வளைவில் ஒரு கார், சரியாக முனையில் நிறுத்தியிருந்தது. நின்றேன்.

"போலே. மாசோக் லா," என்றார். நுழையலாமாம்.

பார்த்தேன். வலது கண்ணாடி, இடது கண்ணாடி, பின் சக்கரம். இடமில்லை. ஒரு கை அகலம் குறைகிறது.

"தாக் போலே, என்சிக்," என்றேன். முடியாது, ஐயா.

அவர் என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன். பின்னால் ஹாரன் மேல் ஹாரன். அவசர விளக்கைப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து, துணிக்கடை வாசலில் நின்ற அம்மாவிடம் கேட்டேன்: "ஆன்டி, இந்தக் கார் யாருதுனு கொஞ்சம் கூப்பிடுறீங்களா?" உள்ளேயிருந்து ஓர் ஆள் வாயில் தோசையோடு ஓடிவந்து எடுத்தார். திரும்பினேன். எங்கும் உரசவில்லை.

டிப்போ வரும்வரை அதிகாரி தாளில் ஏதோ குறித்துக்கொண்டே வந்தார். என்னைச் சோதித்தாரா, அவருக்கு நிஜமாகவே இடம் இருப்பதாகத் தோன்றியதா, தெரியவில்லை. இறங்கும்போது, "ஜூலையில் பயிற்சி ஆரம்பம். திங்களுக்குள் பதில் சொல்லுங்கள்" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு நாற்காலி கொடுத்த பையன், "வாழ்த்துகள் அக்கா" என்று கைகொடுத்தான். அவனுக்குக் கிடைக்கவில்லை. பாவம்.

வீட்டில் மல்லிகா அக்கா பாயசம் வைத்தார். "என் வீட்டுல மேல் ரூம் சும்மாத்தான் கெடக்கு. நாளைக்கே வா." இவர் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து பாயசக் கிண்ணத்தோடு உட்கார்ந்தார்.

"ஜூலையில நீ வா. தாரணி பரீட்ச முடியிற வரைக்கும் நான் அங்க இருக்கேன்."

"அப்பாவ நான் பாத்துக்கிறேன் மா," என்றாள் தாரணி.

"யாரு யாரப் பாத்துக்கறது? வெந்நீர் வைக்கத் தெரியுமா உனக்கு?" என்றார் மல்லிகா அக்கா.

"அப்புறம்?" என்றேன் இவரிடம். கேட்டே ஆக வேண்டும்.

"அப்புறம் வருவேன். ஆனா அக்கா வீட்டுல நான் இருக்க மாட்டேன். தனியா வீடு பாத்து வை."

"ஏன்டா, என் வீட்டுக்கு என்ன?"

"உன் வாய்தான்க்கா."

மல்லிகா அக்கா கரண்டியை ஓங்கினார். சிரித்தோம். சிரிக்கும்போதே இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பாயசச் சூடு என்று. நானும் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன். வருவேன் என்று சொல்லிவிட்டார். பயம் போய்விட்டது என்று சொல்லவில்லை. அது போதும் எனக்கு.

ஜூன் 6, சனி. தாப்பா, ஓய்விடம்

மேகமூட்டம். மல்லிகா அக்கா கட்டிக்கொடுத்த புளிசாதம், பொரித்த மீன், ஒரு மூட்டை கறிவேப்பிலை. ரவாங் வரை நான், அதற்குப் பிறகு இவர். போர்டைப் பார்த்துதான் ஓட்டுகிறார். ஃபோன் தாரணியிடம்.

பஸ் ஆபீசுக்குச் சம்மதம் என்று செய்தி அனுப்பிவிட்டேன். இவர் பக்கத்தில் நின்று படித்துப் பார்த்து, ஓர் எழுத்துப்பிழை திருத்தினார்.

அனுப்பிய கையோடு போன் அடித்தது. தூங்கும் பையனின் அம்மா.

"அக்கா, திங்கக்கிழம வேன் உண்டுதானே?"

"உண்டு மா."

"சரிக்கா, அப்ப..."

"இரு மா. இந்த மாசம் முழுக்க உண்டு. அடுத்த மாசம் நான் இல்ல. எனக்குக் கிள்ளான்ல பஸ் வேல கெடச்சிருக்கு. நாளைக்கு வீட்டுக்கு வந்து நேர்ல சொல்றேன்."

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது. பிறகு, "பஸ்ஸா அக்கா? பெரிய பஸ்ஸா?"

"பெரிய பஸ் மா."