என் தலையிடியை நீ மொழிபெயர்த்த விதம்

எடியே,

இன்றைக்கு உன் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு அந்தச் சீன லேடி டொக்டரிடம் போய் வந்தேன். வீட்டுக்கு வந்து கழற்றினால் அதே மணம். காய்ந்த மூலிகையைச் சுருட்டுப்போல உருட்டி, கொளுத்தி, தோளுக்குக் கிட்டப் பிடிப்பாரே, அந்தப் புகை. "மம்மா, கே புத்சா! நாறுது!" என்று மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடிவிட்டாள். நான் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு தனியே இருந்து சிரித்தேன். நீ கண்ணை மூடி ஒரு மாரி முடியப்போகிறது. இவ்வளவு நாளும் உன்னை நினைத்தால் அழுகைதான் வந்தது. இன்றைக்குச் சிரிப்பு வந்தது, அதுதான் எழுதுகிறேன்.

நான் மன்னாரிலிருந்து இத்தாலிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நீ பலெர்மோவில் பத்து வருடம் பழம் தின்று கொட்டை போட்டவள். ஒரே கட்டடத்தில் இரண்டாம் மாடி வீட்டுக்கார அம்மா, அந்தச் சிஞ்ஞோராவுக்கு நீ சமைத்தாய், மூன்றாம் மாடிக் கிழட்டுச் சிஞ்ஞோராவை நான் பராமரித்தேன். கிழமைக்கு இரண்டு தரம் எனக்குத் தலையிடி வரும். குளியலறைக் கதவைச் சாத்தி, ஈரத் துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு நிலத்தில் இருப்பேன். ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். கடைசியில், மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடுவது என்று முடிவெடுத்தேன். மனுசனும் சரி என்றுவிட்டார். உன்னிடம் சொன்னபோது நீ உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாய்.

பிறகு, "ஒரு மாசம் பொறடி," என்றாய். "ஒரு மாசத்தில நிக்காட்டி நானே உன்னைப் பிளேனில ஏத்திவிடுறன்."

வியாழன் பின்னேரம் எங்கள் இருவருக்கும் லீவு. நாங்கள் இருந்த சீசாப் பகுதியில் பஸ் ஏறி, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சீன டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாய். அவர் இத்தாலியனைப் பாடுவதுபோலக் கதைத்தார். எனக்கு 'ஸி', 'நோ' தவிர ஒன்றும் தெரியாது. நீதான் எனக்கு வாய்.

"என்ன மாதிரி நோகுது எண்டு கேக்கிறா," என்றாய்.

"இதென்ன கேள்வி? தலை இடிக்குது எண்டு சொல்லன்."

நீ யோசித்தாய். சிஞ்ஞோராவின் குசினியில் படித்த இத்தாலியனில் அந்த 'இடிக்கு'ச் சொல் இல்லை. கடைசியில் வானத்தைக் காட்டி, "தூவோனோ! பும், பும்!" என்றாய். இடி முழக்கம்! டொக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தங்கள் வைத்தியத்தில் அதே பெயரில் ஒரு தலையிடி இருக்கிறதாம். தலைக்குள் சத்தம் கேட்கிறதா, காற்றுப் பட்டதா என்று மளமளவென்று கேட்டார்.

நீ என்னிடம் திரும்பி, "உனக்குக் காத்துப் பிரச்சினை இருக்கோ?" என்றாய்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. "மாதாவே! எனக்கு வாயு ஒண்டும் இல்லையெண்டு சொல்லு! தலைக்கு வந்தால் இதையெல்லாம் ஏன் கேக்கிறா?"

நீ மேசையில் கவிழ்ந்து சிரித்தாய். "இடியும் இருக்கு, காத்தும் இருக்கு. மழைதானடி குறை!" என்றாய். சிரித்துச் சிரித்து என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அந்த டொக்டர், பாவம், ஒன்றும் விளங்காமல் எங்களோடு சேர்ந்து சிரித்தார். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். பெரிய மனுசிக்கு முன்னால் எப்படி நீட்டுவது என்று நான் வெட்கப்பட, நீ முதலில் உன் நாக்கை நீட்டிக் காட்டினாய். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஓர் ஊசி, பாதத்தில் இரண்டு. "தலை இடிக்கிற ஆளுக்குக் காலில குத்துறா, சரியான விசர்," என்று நான் முணுமுணுத்தேன். நல்ல காலம், அதை நீ மொழிபெயர்க்கவில்லை.

மூன்றாம் வியாழன் எனக்கு மனம் விட்டுப்போயிற்று. "சும்மா மினக்கெட வேண்டாமெண்டு சொல்லு. அடுத்த மாசம் நான் ஊருக்குப் போயிடுவன்," என்றேன். நீ இத்தாலியனில் நீட்டி நீட்டிச் சொன்னாய். டொக்டர் என் கையைத் தட்டிக்கொடுத்து ஏதோ எழுதினார்.

"நான் ரெண்டு வசனம் சொல்ல, நீ என்ன இவ்வளவு சொன்னனீ?"

"இத்தாலியன் அப்பிடித்தானடி. நீளப் பாஷை."

நம்பினேன். இப்படியும் ஒரு மடைச்சி!

மாதம் முடிய, தலையிடி கிழமைக்கு இரண்டு தரம் என்பது போய், எப்போதாவது ஒரு தரம் என்று ஆயிற்று. அந்த ஊசியா, டொக்டர் வற்புறுத்திச் சாப்பிட வைத்த காலைச் சாப்பாடா, திரும்பும் வழியில் பல்லரோச் சந்தையில் நின்று நீ வாங்கித் தந்த சுடச்சுட அரஞ்சீனாச் சோற்று உருண்டையா, எது வேலை செய்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிளேன் கதையை யாரும் எடுக்கவில்லை. மகள் இங்கேயே பள்ளிக்கூடம் போனாள்.

நீ போன பிறகு தலையிடி திரும்ப வந்தது. அதனால்தான் இன்றைக்குப் போனேன். தனியே, என் சொந்த இத்தாலியனோடு. டொக்டருக்குத் தலை நரைத்துவிட்டது. பழைய கோப்பை எடுத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். 'தலைக்குள் இடி' என்ற இடத்தில் இருவரும் சிரித்தோம். பிறகு மூன்றாம் வருகை. நான் சொன்னதாக அதில் எழுதியிருந்தது இதுதான்: "ஊருக்குப் போக விருப்பமில்லை. இங்கே என் சகோதரி இருக்கிறாள். நான் போனால் அவள் தனித்துப் போவாள். தயவுசெய்து கெதியாகச் சுகப்படுத்துங்கள்."

கள்ளி! பத்து வருடம் தனியே இருந்தவள் நீ. என்னிடம் ஒரு நாளும் 'போகாதே' என்று கேட்கவில்லை. என் வாயால் அவரிடம் கேட்டிருக்கிறாய். எனக்கு உன்னில் கோபமும் வந்தது, உன்னைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது.

"சகோதரி ஏன் வரவில்லை?" என்று டொக்டர் கேட்டார். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கோப்பை என் பக்கம் திருப்பி, அப்போது உங்களுக்கு மொழி தெரியாதே, பிழை ஏதும் இருந்தால் இப்போது திருத்தலாம் என்று பேனாவை நீட்டினார்.

"பிழை ஒன்றும் இல்லை, டொக்டர்," என்றேன் இத்தாலியனில். "எல்லாம் நான் சொன்னதுதான்."