சவாரிக்கு நடுவே பைபிள்

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்தே காற்று. ஆட்டோ முழுக்க மண். சவாரி மந்தம். பின் டயர் பார்க்க வேண்டும்.

ஸ்டாண்டில் காசிம் பாயோடு டீ. பேகம்பூர்க்காரர், என் வண்டிக்கு அடுத்த வண்டி அவருடையது. திடீரென்று கேட்டார்: "ஏம்ப்பா ஆரோக்கியம், அண்ணன்காரனுக கெணத்துல தள்ளிவிட்ட தம்பி கதை எங்க குர்ஆன்ல வருது. உங்க பைபிள்லயும் இருக்காமுல்ல? அதுல எப்பிடிப் போகுது?"

"இருக்கு பாய்."

"அதான், எப்பிடி?"

தெரியவில்லை. சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் கேட்டது. கலர் அங்கி ஒன்று வரும். அம்புட்டுதான். படித்துவிட்டுச் சொல்வதாகச் சமாளித்தேன்.

வீட்டில் பைபிளைக் கேட்டதும் ரோஸ்லின் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் ஒண்ணும் இல்லையே?" பொண்டாட்டி கிண்டல். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். கொட்டாவி. தூக்கம்.

ஜூலை 10, புதன்

டயர் மாற்றியாச்சு. வாசிப்பு நகரவில்லை. வம்சமும் பேருமாக ஒன்றும் மனசில் ஒட்டவில்லை. பாய் விடுவதாயில்லை.

ரோஸ்லின் பக்கத்தைப் புரட்டிக் கையில் கொடுத்தாள். "கதை இங்கன இருக்கு. இதுல இருந்து படிங்க."

தம்பியைக் குழியில் போட்டுவிட்டு அண்ணன்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்! வகுப்பில் இதை யாரும் சொன்னதில்லை. எப்படி இறங்கியது சோறு?

பாயிடம் சொன்னேன். "அடப்பாவிகளா" என்றார். "அப்புறம்?"

"இன்னும் படிக்கலை பாய்."

எனக்கே பொறுக்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

பைபிள் இப்போது வண்டியில், பிளாஸ்டிக் கவர் போட்டு. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பக்கம். ரயில்வே கேட்டில் அரைப் பக்கம்.

சாணார்பட்டி சவாரி ஒன்று வந்தது. போகவில்லை. என் கூடப்பிறந்த அந்தோணி அண்ணன் ஊர். அப்பா செத்தபோது நான் திருப்பூரில். வந்து சேருவதற்குள் அண்ணன் அடக்கம் பண்ணிவிட்டார். அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. அதிலிருந்து அவர் வாசலை மிதிப்பதில்லை.

ராத்திரி ரோஸ்லின், "சோறு ஆறுது" என்றாள். "இந்தா வாரேன்." மூன்று தரம் கூப்பிட்டாளாம். சிரித்தாள். படிக்க வேண்டுமே என்று இல்லை இப்போது. படிக்காமல் இருக்க முடியவில்லை.

ஜூலை 13, சனி

கதையில் பஞ்சம். அண்ணன்கள் தானியம் கேட்டு வந்து நிற்பது அதே தம்பி முன்னால். அடிமையாக விற்கப்பட்டவன் இப்போது அங்கே அதிகாரி. அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை, அவனுக்குத் தெரிகிறது. தனியே போய் அழுகிறான், முகம் கழுவிக்கொண்டு வருகிறான். கடைசியில் அடக்க முடியாமல் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு ஓவென்று அழுது, நான்தான் உங்கள் தம்பி என்கிறான்.

"ஆட்டோ வருமா?" என்று யாரோ. தலை நிமிர முடியவில்லை. பாய் ஓடி வந்தார். "அவரு வரமாட்டாரு, நீங்க இதுல ஏறுங்க."

திரும்பி வந்தவரிடம் முடிவைச் சொன்னேன். "எங்க குர்ஆன்லயும் அந்தத் தம்பி அண்ணன்காரனுகளை மன்னிச்சிட்டாருப்பா." என் கதை அவருக்குத் தெரியும்.

ஜூலை 14, ஞாயிறு

பூசை முடிந்ததும் ரோஸ்லினை ஏற்றிக்கொண்டு நேரே சாணார்பட்டி. எங்கே என்று அவள் கேட்கவே இல்லை.

அண்ணன் தக்காளித் தோட்டத்தில். நரைத்துவிட்டார். பேச யோசித்து வைத்ததெல்லாம் போச்சு. "சாப்ட்டியாண்ணே?" இதுதான் வாயில் வந்தது.

கூடையைக் கீழே போட்டார். "அப்பாவை ஒனக்காக வச்சுப் பார்த்தோம்டா. வெயிலு. ஒடம்பு தாங்கலை. ஒங்கிட்ட எப்பிடிச் சொல்லுறதுன்னு தெரியாம..."

"விடுண்ணே. விடு."

இரண்டு பேரும் அழுத அழுகையில் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். அண்ணி கோழி அடித்தார். சாப்பிட்டபின் அண்ணன் வண்டியில் கிடந்த பைபிளைப் பார்த்தார். "நீயாடா இதைப் படிக்கிற?" தம்பி ஓவென்று அழுகிற அந்த இடத்தையே வாசித்துக் காட்டினேன். நிறுத்தினால், "இன்னும் வாசி" என்கிறார். முடிவுவரை வாசித்தேன். இப்படி ஒரு ஞாயிறு எனக்கு வாய்த்ததில்லை.

ஜூலை 15, திங்கள்

காற்று அடங்கவில்லை. பாய்க்குச் சேதி சொன்னேன். கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டார், இடுப்பு வலிக்காரர்.

கதை முடிந்துவிட்டது. இனி யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. இருந்தும் கை தானாகப் புத்தகத்துக்குப் போகிறது. அடுத்த பகுதி. புது ராஜா. ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொல்கிறான். ஒரு தாய் பிள்ளையைக் கூடையில் வைத்து ஆற்றோரம் விடுகிறாள்.

"நிலக்கோட்டை போகணும், வாரியா?" நல்ல சவாரி.

"செத்த பொறுங்கண்ணே. ஆத்துல பிள்ளை கெடக்கு. யாரு எடுக்குறாங்கன்னு பாத்துட்டு வாரேன்."

"எந்த ஆத்துலய்யா?" பதறிப்போனார் மனுஷன்.

ஏறி உட்காரச் சொன்னேன். போகிற வழியெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டே போனேன்.