எலிகள் சர்க்கரைத் தண்ணீரை மறந்த நாள்

இன்று மதியம் ஆய்வகத்தில் சாப்பாட்டுப் பையைத் திறந்தால், நீ கடைசியாகக் கொடுத்த சுக்கு மிளகுப் பொடி டப்பாவும் உள்ளே இருந்தது. மூடியைத் திறந்ததும் நெடி மூக்கில் ஏறியது. நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. பொடியில் இன்னும் காரம் இருக்கிறது. எனக்குத்தான் தெம்பில்லை. நான்கு வருடமாகத் தூக்கிச் சுமந்த மருந்து ஆராய்ச்சி இன்று காலையில் ஊற்றிக்கொண்டது. அதை முதலில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது.

கல்யாணச் சமையல்காரி நீ. பிள்ளையார்பாளையத்தில் எந்த வீட்டு விசேஷமானாலும், சாம்பாரை இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து நீ தலையாட்டினால்தான் அண்டா இறங்கும். ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டுவிட்டு, நீ மட்டும் மூலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மோர்சாதம் சாப்பிடுவாய். ஸ்கோப், ஸ்கேன், ரத்தம் எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் நார்மல். மனசுதான் காரணம் என்றார்கள் டாக்டர்கள். பள்ளிக்கூடத்திலிருந்து உன்னோடு ஒட்டிக்கொண்டிருந்த நானும், உன் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "டென்ஷனைக் கொறைச்சுக்கோடி" என்றேன்.

"அப்போ நா பொய் சொல்லிக்கினு இருக்கேன்றியா?"

நீ சண்டை போட்டிருந்தால் தேவலை. ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. படித்தவள் என்ற திமிர் எனக்கு.

குடல் வலி ஆராய்ச்சிக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உடம்பின் அணுக்களுக்குச் சக்தி தரும் ஏடிபி என்ற பொருள், குடல் உப்பும்போது அதன் உட்சுவரிலிருந்து வெளியே கசிகிறது. பக்கத்து நரம்பு நுனியில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. சிலருக்கு அந்த நரம்பு, கொஞ்சம் கசிந்தாலே கூப்பாடு போடும். ஸ்கோப்பில் புண் தெரியாது, ஆனால் வலி நிஜம். அந்த ஏற்பியை அடைத்துவிட்டால் வலி அடங்கும் என்று எலிகளிடம் பார்த்ததை, உன் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன்.

"நா சொன்னத எலிகிட்ட கேட்டுக்கினு வந்துதான் நம்புறியா?" என்று சிரித்தாய். நானும் சிரித்து மழுப்பினேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

நாக்கிலிருந்து ருசியை நரம்புக்குச் சொல்வதும் அதே ஏடிபிதான் என்றும், இந்த வகை மருந்து சாப்பிட்ட சிலருக்கு ருசி மங்கியிருக்கிறது என்றும் அன்றைக்குச் சொன்னேன். உன் சிரிப்பு நின்றுவிட்டது.

"வலியோட இத்தினி வருசம் ஆக்கிப் போட்டுட்டேன். நாக்கு போச்சுன்னா ஒரு நாளு தாங்கமாட்டேன்டி. கொடலுக்கு மட்டும் ஒண்ணு பாரு."

பார்த்தோம். நாக்கைத் தொடாது என்று நம்பி ஒன்றைச் செய்தோம். அது முடிவதற்குள், குடலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு டெங்குக் காய்ச்சல் ஒரே வாரத்தில் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று காலை கூண்டுகளில் இரண்டிரண்டு பாட்டில் வைத்திருந்தோம். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் சர்க்கரைத் தண்ணீர். எந்த எலியும் இனிப்பைத்தான் காலி செய்யும். மருந்து கொடுத்த எலிகளின் கூண்டில் இரண்டு பாட்டிலும் ஒரே அளவுக்குக் குறைந்திருந்தன. அவற்றுக்கு இனிப்பே தெரியவில்லை.

"வலி நல்லாக் கொறைஞ்சிருக்குது மேடம். நாக்குதானே, ரிப்போர்ட்ல கடைசியா ஒரு வரி போட்டுக்கலாம்," என்றாள் கூட வேலை பார்ப்பவள். அவளுக்கும் நான்கு வருடம் போயிருக்கிறது, அவளைக் குறை சொல்ல மாட்டேன். இருந்த களைப்பில் நானும் சரி என்றிருப்பேன். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்தேன். வந்த இடத்தில் உன் டப்பா.

இடது உள்ளங்கையில் ஒரு சிட்டிகை கொட்டி நக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்தால் மட்டுமில்லை. திரும்பிப் போய், ருசி போகிறது என்பதை ரிப்போர்ட்டின் முதல் வரியாக எழுதினேன். நாளைக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். நினைத்தாலே முதுகு வலிக்கிறது.

இப்போதெல்லாம் யாராவது வயிறு வலிக்கிறது என்றால், ரிப்போர்ட்டைக் கேட்பதற்கு முன்பே நம்பிவிடுகிறேன். முதலில் உன்னை நம்பியிருக்க வேண்டும்.