ஒப்பந்தம் குறித்து என் முடிவு

கர்மூஸ், அலெக்ஸாந்திரியா
24 நவம்பர் 1986

பெருமதிப்பிற்குரிய பொறியாளர் முக்தார் அவர்களுக்கு, தங்கள் துணைவி இன்ஸாஃப் ஸலாம் கூறி எழுதுவது.

இறையருளால் யாவரும் நலம். நம் மகள் ஹனானுக்குக் காய்ச்சல் தணிந்து நேற்று முதல் பள்ளிக்குச் செல்கிறாள். தாங்கள் அனுப்பிய துணி அவளுக்குச் சற்றே நீளம், மடித்துத் தைத்துவிட்டேன்.

வழக்கமாக என் கடிதங்களை மருந்துக்கடை அம்மையார் பார்த்துத் திருத்தித் தருவார். இதை எவரிடமும் காட்டவில்லை. பள்ளி வாசலை மிதிக்காமல், இருபத்தெட்டாம் வயதில் செய்தித்தாளை வைத்துக்கொண்டு தானே எழுத்துக் கூட்டக் கற்றவள் நான். இதிலுள்ள பிழைகள் என்னுடையவை, கருத்தும் என்னுடையதே.

குவைத் நிறுவனம் இன்னும் மூன்றாண்டுகளுக்கு ஒப்பந்தம் நீட்டித் தருவதாகவும், டிசம்பர் பத்துக்குள் கையெழுத்திட வேண்டுமென்றும் எழுதியிருந்தீர்கள். கையெழுத்திட்டால் இங்குள்ள பம்பு நிலைய வேலை போய்விடும். சம்பளமில்லா விடுப்பு இவ்வாண்டோடு முடிவதால் பெயரை நீக்கிவிடுவார்கள். "உன் முடிவே என் முடிவு" என்று பொறுப்பை என்னிடம் விட்டீர்கள். அதற்கு விடை எழுதுமுன், சென்ற வாரம் நடந்த ஒன்றைத் தெரிவிப்பது என் கடமை.

நவம்பர்தோறும் வரும் மக்னஸாப் புயல் இவ்வாண்டு தன் வழக்கமான நாளுக்கு இரண்டு நாள் முந்திவிட்டது. விடியும்போதே தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். எட்டு மணிக்கு, மழைநீரை இறைக்கும் தங்கள் பம்பு நிலையத்து ஃபோர்மேன் பயூமி சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் நின்றார். "எஞ்சினியரம்மா, புது எஞ்சினியரு மூணு பம்பையும் ஒண்ணாப் போட்டுட்டாரு. டப்புன்னு மொத்தக் கரண்டும் போயிருச்சு. நம்ம ஐயா ஒண்ணொண்ணாத்தான் போடுவாருன்னு தலையால அடிச்சுக்கிறேன். 'எங்க எழுதியிருக்கு, காட்டு'ங்கிறாரு. நான் என்னத்தைக் கண்டேன், எனக்கு எழுத்தா தெரியும்?" என்றார்.

தங்கள் பழைய குறிப்பேடுகள் அலமாரியின் மேல்தட்டில் இருந்தன. நான்காவதில் அந்தப் பக்கம் கிடைத்தது. பயூமியிடம் கொடுத்தனுப்ப மனம் ஒப்பவில்லை. ஈரத்தில் மை கரைந்துவிடும். மேலாடைக்குள் வைத்துக்கொண்டு நானே நடந்தேன். நிலையத்தில், அத்தனை ஆண்கள் நடுவில், உரக்கப் படித்தேன்: முதலில் நீர் நுழையும் வாயிலின் வடிகம்பிகளில் சிக்கிய குப்பையை அகற்றுக. பிறகு இரண்டாவது பம்பு. மின்னோட்டமானியின் முள் அடங்கும்வரை காத்திருந்து முதலாவது. அதுவும் அடங்கிய பின் மூன்றாவது.

அந்த இளைஞர் முகம் சிவந்தார். ஆயினும் மின்சாரத்தை மீட்டு அப்படியே செய்தார். அதற்காக அவரை மதிக்கிறேன். நண்பகலுக்குள் தெருக்கல் தெரிந்தது. கீழ்வீட்டு ரொட்டிக்காரர் தம் அடுப்பு நனையாமல் பிழைத்த மகிழ்ச்சியில், "பாத்தீங்களாய்யா, நம்ம முக்தாரு குவைத்துல உக்காந்துக்கிட்டே கர்மூஸ் தண்ணிய இறைக்கிறாரு! ரெண்டு சம்பளம் குடுக்கணும் அந்த மனுஷனுக்கு!" என்று தெருவெல்லாம் கேட்கக் கத்தினார்.

வீடு திரும்பி, ஈரத்தைத் துடைத்துவிட்டு, அந்தக் குறிப்பேட்டை முழுவதும் படித்தேன். அனுமதி கேளாமல் படித்ததற்கு மன்னிக்கவும். 1981 பிப்ரவரிப் பக்கம் ஒன்றின் ஓரத்தில், பெருமழைக்குப் பின், தாங்கள் எழுதியிருந்தது: "மூன்றும் இன்று பதினேழு மணி நேரம் ஓய்வின்றி ஓடின. கர்மூஸில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகவில்லை. சம்பளமே இல்லையென்றாலும் வந்திருப்பேன்."

அந்த மாதம் எனக்கு நினைவிருக்கிறது. தங்கள் காலணிக்கு அடித்தோல் மாற்றக்கூட வழியின்றி அட்டை வைத்து நடந்தீர்கள். சம்பளத்தைத் திட்டாத நாளில்லை. ஆனால் இரவு உணவின்போது அந்த இயந்திரங்களைப் பற்றிப் பேசிப் பேசியே சோற்றை ஆறவிடுவீர்கள்.

குவைத்திலிருந்து இதுவரை பதினொரு கடிதங்கள் வந்துள்ளன. அனைத்தையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அலுவலகக் குளிர்ச்சி, மேசையின் அகலம், விலைப்பட்டியல்களில் முத்திரை குத்துவது, பணம் அனுப்பிய தேதி. ஓர் இயந்திரத்தின் பெயர்கூட இல்லை.

என் அண்ணன் ஷுக்ரியிடம் என் எண்ணத்தைச் சொன்னேன். "மூளை கழண்டு போச்சாடி உனக்கு? ஊரே குவைத்துக்குப் போக வரிசைல நிக்குது, நீ போனவனை வாய்யான்னு கூப்பிடப் போறியா? இங்க ஒரு வருஷம் வாங்கினத அங்க ஒரு மாசத்துல வாங்குறான்!" என்றான். அவன் கணக்கில் பிழையில்லை. தாங்கள் வந்தால் கடற்கரைப் பக்கம் வீடு வாங்கும் பேச்சு முடிந்துபோகும். இறைச்சி மீண்டும் வாரம் ஒருமுறைதான். ஹனானின் திருமணச் சீர் சிறியதாக இருக்கும். அவளிடமும் இதைச் சொல்லிவிட்டேன்.

எனினும், இந்நகரில் கால் நனையாமல் உறங்கும் ஆயிரம் வீடுகளுக்குப் பின்னால் நின்ற மனிதரை நான் மணந்தேன். அவர் முத்திரை குத்தி முதுமை அடைவதற்கு என் பெயரால் சம்மதம் தர இயலாது. கையெழுத்திட வேண்டாம். இது தாங்கள் கேட்ட முடிவு. இதன் குறைகளுக்கும் நானே பொறுப்பு.

இறைவன் தங்கள் கைகளுக்கு, அவை விரும்பும் வேலையை என்றும் தருவானாக. வரும் நாளை மட்டும் எழுதியனுப்புங்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

என்றும் தங்கள் நலம் நாடும்,
இன்ஸாஃப்