இடது பக்கத்து ஒயர்

அக்டோபர் 3, திங்கள்

மக நுஹா துபாய்ல இருந்து அனுப்பின பெட்டி வந்துருச்சு. கொண்டு வந்தவன் பெய்ரூட் ஏர்போர்ட்ல பட்ட பாட்டைச் சொல்லிச் சொல்லியே ரெண்டு காபி குடிச்சுட்டுப் போனான். பெட்டி நாலு சிகரெட் பாக்கெட்டை அடுக்கின உயரம். கம்ப்யூட்டர்ல பாட்டு வெறும் நம்பராத்தான் கிடக்குமாம். அதைச் சத்தமா மாத்தி ஸ்பீக்கர் பக்கம் அனுப்புறது இதோட வேலை. டாக்னு பேரு. இருக்குற பழைய டாக்குக்கும் அதே வேலைதான். இது இன்னும் நல்லா மாத்துமாம். மக சொல்றா.

என் வீட்டுக்காரி வதாத் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "இதுக்கா ஒரு மாசமா மகளை அரிச்சீங்க? சோப்பு டப்பா மாதிரி இருக்கு."

"உன்னைப் பொண்ணு பாத்துட்டு வந்து எங்கம்மாவும் இதையேதான் சொன்னா."

கரண்டி பறந்து வந்துச்சு. குனிஞ்சுட்டேன்.

சந்தோஷமான்னு கேட்டா, தெரியல. பெட்டி வந்துச்சு. அவ்வளவுதான்.

அக்டோபர் 4

மாட்டல. மேசை மேலயே இருக்கு.

அக்டோபர் 5, புதன்

மத்தியானம் ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் எங்க தெருவுக்குக் கரண்ட் குடுக்குற ஜெனரேட்டர் மோட்டாரை அதோட ஆளு நிறுத்திடுவான். அந்த நேரம் வீட்டு பேட்டரிதான். வியாழக்கிழமை வியாழக்கிழமை நாங்க பாட்டு கேக்குறதும் அப்பத்தான். மோட்டார் கரண்ட்ல கேட்டா பாட்டுக்கு அடியில ஊம்னு ஒரு இரைச்சல் ஓடும். பேட்டரியை மிச்சம் பிடிக்க லைட்டு போட மாட்டோம். ஜன்னல் ஷட்டரையும் இறக்கிடுவோம்.

ஆளு மூணு பேரு. முடிவெட்டுற இல்யாஸ், ரிட்டயர் வாத்தியார் மர்வான், நான். நடு நாற்காலி எனக்கு. பாட்டு முடிஞ்சு நான் தீர்ப்பு சொல்ற வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. என் பேரு ஹலீம்ங்கறதே அவங்களுக்கு மறந்து போச்சு, 'காது'ன்னுதான் கூப்பிடுவானுங்க. நாப்பது வருஷம் டாக்ஸி ஓட்டினவன். எதிர்ல வர்ற வண்டியோட சத்தத்தை வச்சே அதுல என்ன கோளாறுன்னு சொல்லுவேன். அப்படி வந்த பேரு.

இங்க மட்டும் எழுதுறேன். துறைமுகம் வெடிச்ச அன்னிக்கு டாக்ஸியோட இடது பக்கக் கண்ணாடி மொத்தமா உள்ள வந்து விழுந்துச்சு. அதுல இருந்து இடது காதுல பஞ்சு வச்ச மாதிரி. ரெண்டு வருஷமாச்சு. டாக்டர்கிட்ட போகல. போனா சொல்லிடுவாரே. பாட்டும் அன்னில இருந்து ஆறிப்போன காபி. வெளியில காட்டிக்கல. காது போன காதுக்கு நடு நாற்காலியை எவன் குடுப்பான்?

புதுப் பெட்டி வந்தா எல்லாம் தெளிஞ்சுடுமோ... அதுக்குத்தான் மகளை அரிச்சேன். கிழட்டுப் புத்தி.

அக்டோபர் 6, வியாழன்

மத்தியானம் ஷட்டரை இறக்கிட்டு அரை இருட்டுல கையால தடவித் தடவி நானே மாட்டினேன். ரெண்டு பேரும் வந்தானுங்க. வழக்கமா கேக்குற பழைய பாட்டு, பொம்பளை பாடுறது, பின்னாடி முப்பது பேரு வயலினும், மடியில வச்சு மீட்டுற கானூனுமா வாசிப்பாங்க. எங்க மூணு பேருக்கும் மனப்பாடம்.

முடிஞ்சது. தொண்டையைச் செருமிட்டுத் தீர்ப்பு சொன்னேன்.

"கசடெல்லாம் போச்சுடா. வயலின்காரனுங்க எல்லாம் அடங்கி ஒடுங்கிப் பின்னாடி போயிட்டானுங்க. அவ மட்டும் முன்னாடி வந்து நிக்குறா. சத்தம் ரெண்டு பக்கமும் சும்மா விரிஞ்சு நிக்குது."

தெருவுல காய்கறிக்காரன் கத்துறது கேட்டுச்சு.

அப்புறம் மர்வான் தொடையில தட்டிட்டுச் சிரிச்சான். "அடக் கழுதை! இடது ஸ்பீக்கர் செத்துக் கிடக்கு, ரெண்டு பக்கமும் விரியுதாம்! டேய் இல்யாஸ், இவன் நம்மளை டெஸ்ட் பண்றான்டா!"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. நானும் சேர்ந்து சிரிச்சேன்.

"கண்டுபிடிச்சுட்டீங்களா, திருட்டுப் பசங்களா. எவன் முதல்ல வாயைத் திறக்குறான்னு பாத்தேன்."

"நீ சொல்லாம நாங்க பேசக் கூடாதுன்னு சட்டம் போட்டவனே நீதானடா!"

நல்லவேளை, நான் குறும்புக்காரன்னு ஊருக்கே தெரியும். அதுல தப்பிச்சேன். இல்யாஸ் மட்டும் சிரிக்கல. எழுந்து போய் போன் லைட்டை அடிச்சான். பெட்டிக்குப் பின்னாடி இடது பக்கத்து வெள்ளை ஒயர் கழண்டு தொங்கிட்டு இருந்துச்சு. சொருகிட்டு வந்து உக்காந்தான். திரும்பப் போட்டோம். தூசி தட்டின மாதிரி இருக்குன்னு மர்வான் சொன்னான். எனக்கு முன்ன கேட்டதுக்கும் இதுக்கும் வித்தியாசம்... வயலின் கொஞ்சம் கூடிச்சு. அவ்வளவுதான்.

பாதிப் பாட்டு இல்ல. எனக்குத் தெரியல.

அக்டோபர் 7

பயம் வரும்னு பாத்தேன். வரல. அழுகையும் வரல. தக்காளி வாங்கிட்டு வந்தேன்.

அக்டோபர் 9, ஞாயிறு

வீட்ல யாரும் இல்லாதப்ப வலது காதை விரலால அடைச்சுட்டுப் பாட்டு போட்டேன். பக்கத்து வீட்ல எவனோ தலகாணிக்குள்ள பேசுற மாதிரி. போதும்.

அப்புறம் வலது காதை ஸ்பீக்கர் பக்கமாத் திருப்பி உக்காந்துட்டு, பழைய பெட்டி, புதுப் பெட்டின்னு மாத்தி மாத்தி ஆறு தடவை போட்டேன். வித்தியாசம் இருக்கு. பொய் சொல்லக் கூடாது. பழசுல வயலின் எல்லாம் சேர்ந்து ஒரே பாயா விரிச்ச மாதிரி. புதுசுல ஆளு ஆளா உக்காந்திருக்கானுங்க. பாட வாயெடுக்குறதுக்கு முன்னாடி அவ மூச்சு இழுக்குறது கேக்குது. கானூன் தந்தி அதிர்ந்து, தேஞ்சு தேஞ்சு, எங்க போய் முடியுதுன்னு கூடத் தெரியுது. பழசு அதைப் பாதியிலயே முழுங்கிடும். சின்ன மாத்தம்தான். ஆனா இருக்கு.

நான் கேட்டது வேற. அதைப் பெட்டி எப்படிக் குடுக்கும்?

திரும்பினா வதாத் நிக்குறா, கையில காய்கறிப் பையோட.

"எப்ப வந்த?"

"மூணு தடவை கூப்பிட்டேன். இடது பக்கம் நின்னு."

"ஏன் அந்தப் பக்கம்?"

"ரெண்டு வருஷமா வலது பக்கமாத் தேடி வந்து நின்னு கூப்பிடுறேன். இன்னிக்கு அலுத்துப் போச்சுங்க."

எழுந்து போய் அவ கையில இருந்த பையை வாங்கிக்கிட்டேன்.

அக்டோபர் 11, செவ்வாய்

இல்யாஸ் தனியா வந்தான். காபி முடிஞ்சும் போகல.

"டேய் காது. எத்தனை வருஷமா உனக்கு முடி வெட்டுறேன்?"

"முடி இருந்த காலத்துல இருந்து."

"வலது காதுகிட்ட கத்தரியைக் கொண்டு போனா கண்ணைச் சிமிட்டுவ. இடது காதுகிட்ட டிக்கு டிக்குன்னு வெட்டினாலும் கல்லு மாதிரி இருக்க. ரெண்டு வருஷமா."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

"மர்வானுக்குத் தெரியுமா?"

"அவன் வாத்தியார்டா. அவன் பேசுறது மட்டும்தான் அவன் காதுல விழும்."

சிரிப்பு வந்துச்சு, கொஞ்சம். "இந்த வியாழக்கிழமை நான் வரலடா"ன்னேன்.

"நடக்குறதே உன் வீட்லதானே. எங்கடா போவ, பாத்ரூமுக்கா?"

அக்டோபர் 12

டாக்டர். நரம்பு போச்சாம், திரும்பாதாம். சொல்ல அரை நிமிஷம்தான் ஆச்சு அவருக்கு. வர்ற வழியில வதாத் என் வலது பக்கமா நடந்தா.

அக்டோபர் 13, வியாழன்

பாட்டு போடுறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். "இடது காது செத்து ரெண்டு வருஷமாச்சு. போன வாரம் டெஸ்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

மர்வான் என்னையும் இல்யாஸையும் மாறி மாறிப் பாத்தான். "இதுவும் விளையாட்டா?"

"இல்லடா."

மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சான். "அப்ப ரெண்டு வருஷமா நீ சொன்ன தீர்ப்பெல்லாம்?"

"பாதியை வச்சுக்கோ. பாதியைத் தூக்கிப் போடு."

"எந்தப் பாதிடா?"

எனக்கே தெரியாதே! நாற்காலியை நடுவுல இருந்து இழுத்து இடது சுவரோரமாப் போட்டேன், வலது காது ரெண்டு ஸ்பீக்கரையும் பாக்குற மாதிரி. காலி இடத்துல யாரும் உக்காரல. இல்யாஸ் ஸ்டூலைத் தூக்கிட்டு வந்து என் வலது பக்கம் ஒட்டி உக்காந்தான்.

பாட்டு ஓடுச்சு. அவன் வாயை என் காதுகிட்ட வச்சு மெதுவாச் சொன்னான்: "இடது பக்கம் ஓரத்துல வயலின் நாலு. இப்ப ஒருத்தன் பிந்திட்டான். இருமுறான் பாரு. முந்தி இந்த இருமல் கேட்டதே இல்லடா, இந்தப் பெட்டியிலதான் வருது."

"எந்த இருமல்?" மர்வான் கத்தினான். "அது நாற்காலி நகர்ற சத்தம்டா!"

"உனக்கு ரெண்டு காது இருந்து என்னடா பிரயோஜனம்?"ன்னேன்.

பாட்டு முடியுற வரைக்கும் ரெண்டும் அடிச்சுக்கிச்சு, இருமலா நாற்காலியான்னு. என் காதுல ரெண்டுமே விழல. ஆனா எங்க இருக்கும்னு தேடிட்டே இருந்தேன்.

நல்லா இருந்துச்சான்னு இல்யாஸ் கேட்டான். தெரியலடான்னு சொன்னேன். இன்னொரு தடவை போடச் சொன்னேன்.