பெயர் எழுதாத கட்டமும் மூன்று நாளென்ற என் கையொப்பமும்

அனுப்புநர்:
திருமதி நாகலட்சுமி விக்னராஜா,
பதிவுபெற்ற தாதி, மாணவர் பயிற்சி மேற்பார்வையாளர்,
மெரிலேண்ட்ஸ், சிட்னி.

பெறுநர்:
பீடாதிபதி அவர்கள்,
தாதியியல் மற்றும் சுகாதாரக் கல்விப் பீடம்,
சிட்னி.

விடயம்: மூன்றாம் ஆண்டு மாணவி செல்வி ஷான்டெல் மீது பதியப்பட்ட எட்டு நாள் ‘அனுமதியற்ற வரவின்மை’யை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது என்மேல் நானே தரும் முறைப்பாடு. தங்கள் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எந்த மொழியிலும் எழுதலாம், மொழிபெயர்ப்பாளர் உண்டு என்று இணையத்தளத்தில் கண்டேன். ஆங்கிலத்தில் எழுதினால் நான் ஆஸ்பத்திரி வாட் அறிக்கை போல எழுதிவிடுவேன். பிழை யாருடையதென்றே தெரியாமற் போய்விடும். ஆகவே தமிழில் எழுதுகிறேன்.

2. செல்வி ஷான்டெல் டப்போவைச் சேர்ந்த விராஜூரி இனப் பூர்வகுடிப் பெண். கடந்த மார்ச் மாதம் எங்கள் ஆஸ்பத்திரியின் சிறுநீரக வாட்டுக்கு இறுதிப் பயிற்சிக்கு வந்தார். ஏப்ரலில் ஒரு காலை, தமது தாயின் சிறியதாயார் இறந்துவிட்டார், ஊருக்குப் போகவேண்டும், இரண்டு கிழமை ஆகலாம் என்று விடுப்புப் படிவத்துடன் என்முன் நின்றார். படிவத்தில் இறந்தவரின் பெயருக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. நிரப்பச் சொன்னேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாரே தவிர நிரப்பவில்லை. எனக்குச் சினம் வந்தது.

3. யாழ்ப்பாணத்தாராகிய எங்களுக்குச் சாவு வீடென்றால் துடக்கு, அதாவது தீட்டு, காக்கும் நாட்கணக்கு ஒன்று உண்டு. இறந்தவர் தகப்பன் வழியென்றால் முப்பத்தொரு நாள். தாய் வழியென்றால் எங்கள் வீட்டு வழக்கில் மூன்றே நாள். ஐயா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: நான் அந்தப் பிள்ளையின் துக்கத்துக்கு எங்கள் துடக்குக் கணக்கைப் பார்த்தேன். தாயின் சிறியதாயார்தானே, தூரத்து உறவு, மூன்று நாள் போதும் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். என்ன துணிவு எனக்கு! அவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

4. அவர் பதினொரு வேலைநாட்கள் வரவில்லை. மூன்று போக மீதி எட்டும் அனுமதியற்றவை என்று பதிவாயிற்று. பயிற்சி மணித்தியாலங்கள் குறைந்தன. வரும் ஜூலை 4ஆம் தேதி தங்கள் குழு கூடி அவரை இந்த ஆண்டில் சித்தியடையாதவராக அறிவிக்கவுள்ளது என அறிகிறேன். ஆண்டு முழுவதையும் திரும்பப் படிக்க முடியாது, ஊரோடு போகப்போகிறேன் என்று அவர் சொல்கிறார்.

5. இதை அவர் சொன்னது, நான் இரவலாகக் கொடுத்திருந்த, தாதியர் சட்டையில் குத்திக்கொள்ளும் கடிகாரத்தைத் திருப்பித் தர வந்த அன்று. கன்ரீனில் இருத்தித் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அப்போதுதான் கேட்டேன்; கேட்கவேண்டிய நாளுக்கு ஆறு கிழமை பிந்தி. இரண்டு வயதிலிருந்து அவரை வளர்த்தெடுத்தவர் அந்த அம்மாதான். சொந்தங்கள் எல்லாத் திசையிலிருந்தும் வந்து சேரும்வரை அடக்கம் நடைபெறாது. அதுவரை, அவர் வளர்த்த பிள்ளை எழுந்து வரவும் முடியாது. இறந்தவரின் பெயரை அவர் குடும்பம் வாயால் சொல்வதோ எழுதுவதோ இல்லை. நான் அதட்டி நிரப்பச் சொன்ன கட்டம் அதுதான்.

6. எனது சித்தப்பா யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இறந்தபோது அன்றைய பொறுப்புத் தாதி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. படிவத்தின்படி சித்தப்பாவும் ‘நெருங்கிய உறவு’ அல்லர். “போய்விட்டு, முடிந்ததும் வா” என்று மட்டும் சொன்னார். நான் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடித்துத்தான் திரும்பினேன். அதை எப்படி மறந்தேனோ தெரியவில்லை.

7. ஷான்டெல் எப்படிப்பட்ட தாதி ஆவார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மேற்கிலிருந்து வந்திருந்த ஒரு பூர்வகுடி முதியவர் இரத்தச் சுத்திகரிப்பு வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன் என்று பையைக் கட்டிவிட்டார். வைத்தியரும் நானும் மாறிமாறிச் சொல்லியும் கேட்கவில்லை. ஷான்டெல் கதிரையை இழுத்துப்போட்டு, தாம் யாருடைய பிள்ளை, எந்த ஊர் என்று சொல்லத் தொடங்கினார். அரை மணித்தியாலம் சிகிச்சையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆட்களைப் பற்றியே பேச்சு. பிறகு முதியவர் தாமாகவே கையை நீட்டினார். இருபத்திரண்டு வருட வேலையில் எனக்கு அது கைவரவில்லை. என் வாட்டுக்கு இதுவரை வந்த ஐந்து பூர்வகுடி மாணவரில் இருவரே படிப்பை முடித்தனர். மற்றவர்கள் ஏன் திரும்பி வரவில்லையென்று நான் விசாரித்ததே இல்லை.

8. முதலில் ஷான்டெலையே தங்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னேன். என் கணவர் விக்னராஜா அதைக் கேட்டுவிட்டு, “பிழை விட்டது நீர். பிறகேன் அந்தப் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கிறீர்? நீரே எழுதும்” என்றார். நியாயந்தானே.

9. ஆகவே மூன்று நாளென்ற என் கையொப்பத்தை இரத்துச் செய்து, பதினொரு நாளையும் அனுமதித்த விடுப்பாகப் பதியுமாறு வேண்டுகிறேன். குறைந்த மணித்தியாலங்களை ஜூலை விடுமுறையில் எங்கள் வாட்டிலேயே முடிக்கலாம். வாட் முகாமையாளரின் சம்மதக் கடிதம் இணைத்துள்ளேன். என் வருடாந்த விடுப்பைத் தள்ளிவைத்து நானே மேற்பார்வை செய்வேன். இனிமேல் பூர்வகுடி மாணவரின் துக்க விடுப்பை என்போன்றவர்கள் அளக்காமல், தங்கள் வளாகத்துப் பூர்வகுடி மாணவர் நிலையத்தாரே உறுதிப்படுத்த வழி செய்யுங்கள். அந்த நிலையத்தாருடன் பேசினேன். அவர்கள் ஆயத்தமாகவே இருக்கிறார்கள்.

10. கடிகாரத்தை நான் திருப்பி வாங்கவில்லை. ஜூலையில் தேவைப்படும், வைத்திரும் என்றேன். சிறிது யோசித்துவிட்டுச் சட்டையில் குத்திக்கொண்டார். தாங்கள் கைவிடமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் சொல்லிவிட்டேன் ஐயா.

11. திருத்திய விடுப்புப் படிவத்தை இத்துடன் அனுப்புகிறேன். பதினொரு நாள் என்று எழுதி நானே கையொப்பமிட்டுள்ளேன். உறவு என்ற இடத்தில் ‘வளர்த்த தாய்’ என்று அவர் சொன்னபடி எழுதியிருக்கிறேன். பெயருக்கான கட்டம் வெறுமையாக இருக்கிறது. அதை நிரப்பச் சொல்லித் தயவுசெய்து திருப்பி அனுப்பவேண்டாம்.

தங்கள் நல்ல பதிலை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
நாகலட்சுமி விக்னராஜா

இடம்: மெரிலேண்ட்ஸ்
தேதி: 23.06.2025

இணைப்பு: திருத்திய விடுப்புப் படிவம், வாட் முகாமையாளரின் சம்மதக் கடிதம்.