மூன்றாவது அலசல்

பிப். 3, செவ்வாய்

சிதம்பரத்தில் காலையில் நல்ல பனி. மொட்டை மாடியில் சக்கை காயவில்லை. பெண்ணாடம் ஆலைக் கரும்புச் சக்கை. அமிலத்தில் ஊறவைத்து ஏழு முறை கழுவியது. எட்டாவது முறையும் கழுவியிருக்கலாமோ?

குறிஞ்சிப்பாடியிலிருந்து ஜாபர் போன். சாயப்பட்டறைக்காரன், நண்பரின் மகன். "மாமா, வியாழக்கிழம பொல்யூஷன் ஆபீசர் வராரு. தண்ணி கலரா போச்சுன்னா சீல்தான். சக்க போட்டா தெளிஞ்சிடும்னு எழுதியே குடுத்துட்டேன்."

பட்டறையில் பதினான்கு பேர் பிழைப்பு. சாயத் தண்ணீரைச் சக்கையில் வடித்து ஒன்பது சோதனை, ஒன்பதிலும் தெளிவு. பிறகு ஏன் நோட்டை மறுபடி மறுபடி புரட்டுகிறேன்?

வாங்க: வடிதாள், மூட்டுவலித் தைலம்.

பிப். 4, புதன்

குறிஞ்சிப்பாடி. வெயில் ஜாஸ்தி. தொட்டி நிறையச் சக்கை. சாயத் தண்ணீர் சிவப்பாக உள்ளே போனது. சிவப்பாகவே வெளியே வந்தது. மறுபடியும். அப்படியே.

நூல் முக்கும் செல்விதான் மூன்று மாதமாக எனக்குக் கேனில் தண்ணீர் பிடித்துத் தந்தவள். எந்தத் தண்ணீர் என்று இன்றுதான் கேட்டேன்.

"மூணாவது அலசல் சார், சாயம் போட்ட நூல மூணாவது தடவ அலசுன தண்ணி. மொத தண்ணியில உப்பும் சோடாவும் கொட்டிக் கெடக்கும். பெரியவருக்கு அதப் போயி குடுப்பாங்களா? வெள்ள வேட்டி வேற."

மரியாதை! சோடா என்றால் காரம். காரம் ஏறினால் சக்கை சாயத்தைப் பிடிக்காது. நான் பாடம் நடத்திய முதல் வருட கெமிஸ்ட்ரி மாணவனுக்கே தெரியும். என் நோட்டில் ஒன்பது முறை, 'காரம் மிகக் குறைவு'. அடிக்கோடு வேறு. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகி நிற்கும் இடம் என்று கூச்சப்பட்டு, தொட்டிப் பக்கமே போகாமல் வாசலில் நின்றவன் நான்.

ஜாபர்: "நாளைக்கும் மூணாவது தண்ணியவே உடுவோம். நீங்க வாயத் தொறக்காதீங்க மாமா, போதும்."

அது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும்.

முதல் தண்ணீர் பின்பக்க வாய்க்காலுக்குப் போகும். வாய்க்கால் ஓரம் செல்வி வீடு, அடிபம்பு.

முதல் தண்ணீர் ஒரு கேன் கேட்டு வாங்கி வந்தேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன்.

பிப். 5, வியாழன்

மேகம். மறுபடி குறிஞ்சிப்பாடி. ஆபீசர் இளவயது, மரியாதையானவர். தண்ணீர் கண்ணாடி மாதிரி விழுந்தது. "பரவால்லியே. இது எந்தத் தண்ணி சார்?"

என்னைப் பார்த்துக் கேட்டார். ஜாபர் தரையைப் பார்த்தான்.

"மூன்றாவது அலசல். கடைசித் தண்ணீர்." அவர் காதில் விழவில்லை. மறுபடி சொன்னேன்.

முதல் தண்ணீரை விடச் சொன்னார்; சிவப்பாகவே விழுந்தது. நான்கு மணிக்குச் சீல்.

ஜாபர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுப் போனான். அதற்கு முன் வாசலில் செல்வி: "எங்க பம்புல ரோஸ் கலர்தான் வருது சார். அத நாங்க பாத்துக்க மாட்டமா? உங்கள யாரு கேட்டா?"

ஆபீசர் கேட்டார். 

பிப். 6, வெள்ளி

ஜாபர் போனை எடுக்கவில்லை. ஐந்து தடவை. 

முதல் தண்ணீர். அமிலம் விட்டுக் காரத்தை முறித்து, பிறகு சக்கை. ஜாடி வாரியாக:

1. சிவப்பு.
2. சிவப்பு.
3. வெளிறியதோ? மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். சிவப்பு.
4. அமிலம் கூட்டி ஊற்றியாயிற்று. ஒரு மணி நேரம் ஆகிறது. எழுந்து போய்ப் பார்க்கப் பயம்.